மூன்றாம் தண்ணீர்

சின்னக்கருப்பன் மேல்மலையிலிருந்து பழனிக்குப் பூண்டு மூட்டை இறக்குகிறவன். மட்டக்குதிரைகள் இரண்டும் மூட்டையோடு முன்னால் போகும். அவன் பின்னால் நடந்தே இறங்கி, நடந்தே ஏறுவான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம் அவனுக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவன் படி தாண்டக் கூடாது, மருந்தும் கூடாது. எங்கள் ஊரில் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை.

இரண்டு தண்ணீர் ஆயிற்று. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. மூன்றாவதற்கு முந்தின நாள், பாதம் மதமதவென்றிருக்கிறது என்றான். காலையில் எழுந்தவன் முழங்கால் மடங்கி விழுந்தான்.

"எனக்கு ரெண்டு காலும் போச்சு. குதிரைகளுக்கு எட்டு இருக்குல்ல, அதுக சம்பாதிச்சுப் போடட்டும்" என்று சிரித்தான். மனைவி காளியாயி சிரிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றப் பலகையில் உட்கார வேண்டும். அவனால் உட்கார முடியவில்லை.

"ஆத்தா இன்னும் எறங்கல. எறங்குனா அவனே எந்திரிச்சு உக்காருவான், அப்ப ஊத்துவோம்" என்றார் அவன் அப்பா வேலப்பன்.

உட்கார்ந்தால்தான் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால்தான் வாசல். இதற்குள் மரப்பு இடுப்பைத் தாண்டிக் கைகளுக்கு வந்துவிட்டது.

பூண்டு வாங்க வந்த நாயுடுபுரத்துக் கம்பவுண்டர் சுப்புராஜ் விஷயம் கேட்டு முற்றத்திலேயே நின்றார். "அம்மை எறங்கிருச்சு பெரியவரே. சில பேருக்கு அது போன பெறகு நரம்பப் பிடிக்கும். மூச்சு வரைக்கும் ஏறிரும். வெரசா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"ஆத்தா இருக்கிற வீட்டு வாசல்ல நின்னு ஊசிப் பேச்சுப் பேசாதப்பா. சோலியப் பாத்துட்டுப் போ."

இரண்டு நாளில் கஞ்சி மூக்கு வழியே வந்தது. கண் இமைகளை மூட முடியவில்லை. மாமனார் காட்டுக்குப் போன நேரத்தில் காளியாயி, பாயில் கிடந்தபடியே அவனுக்கு மூன்றாம் தண்ணீரை ஊற்றினாள்.

"ஊத்திட்டேன் மாமா. கட்டில எடுங்க" என்றாள் அவர் வந்ததும். வேலப்பன் ஈரப் பாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆள் கூப்பிடப் போனார்.

கட்டிலில் கட்டிக் கொடைக்கானலுக்குச் சுமந்தோம். டாக்டர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "மூச்சு இழுத்து விடற மிஷின் இங்க இல்லம்மா" என்றார். சின்னக்கருப்பனுக்கு எல்லாம் கேட்டது. காளியாயி போகும் பக்கமெல்லாம் கண்கள் மட்டும் போயின. பிறகு அவையும் நின்றன.

"முந்தியே கொண்டாந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். சொல்லத் தெரியலம்மா."

அவன் உட்காரும் முன்னே ஊற்றியதால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றது ஊர். வேலப்பன் அப்படிச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

அடுத்த பூண்டு நடவில் காளியாயிக்குப் பக்கத்துப் பாத்தியில் நின்றிருந்தேன். "அது நரம்பு நோவு, அக்கா. ஆத்தா கோவமில்ல" என்றேன்.

காளியாயி நிமிரவில்லை. "நோவுன்னா முன்னாடியே ஊத்தியிருக்கணும். ஆத்தான்னா ஊத்தியிருக்கவே கூடாது. எதுன்னாலும் நாந்தான தம்பி" என்றாள்.