கதிரை தனியாக வராது

செய்தியைச் சொன்னவர் சவிரிமுத்துச் சம்மாட்டியார். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய கரகரத்த குரல். "தம்பி, பழனியம்மா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டாவாம்." நான் இன்னாலில்லாஹி சொல்லி முடிக்கவில்லை, அவர் தொடர்ந்தார். "கதிரையளுக்கு நீ ஓடாத. எங்கட சங்கத்துக் கதிரையள் அங்க போயிட்டுது."

அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, அல்லாஹ் மன்னிக்கட்டும், சிரிப்பும் வந்தது. பழனியம்மா அக்காவின் முற்றத்துக்கு, துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரச் சம்மாட்டியார் கதிரை அனுப்புகிறார்! இதன் அருமை எங்கள் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கணவர் முருகையாவோடு பிழைக்க வந்தவர். முருகையா சம்மாட்டியாரின் கரைவலையை இழுத்தார். அக்கா கருவாட்டு வாடியில் மீன் கிழித்துக் காயவைத்தார். வலையும் தோணியும் யாருக்குச் சொந்தமோ அவர்தான் சம்மாட்டி, அவர் சொல்லுக்குக் கரையில் மறுசொல் கிடையாது. இழுக்க வந்தவர்களை ஊரார் "தோட்டக்காட்டார்" என்றார்கள். குடிப்பார்கள், குளிக்க மாட்டார்கள், கை நீளம் என்று எத்தனையோ கதை கட்டினார்கள். என்னைப் போல யுத்தத்தில் விரட்டப்பட்டு வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த முஸ்லிம்களுக்கு "அகதி" என்று பெயர். என் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, வளர்ந்து, கலியாணமும் முடித்துவிட்டார்கள். இன்னும் நாங்கள் அகதிதானாம்!

முருகையா ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. ஊரில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்குக் கூடாரமும் வெள்ளைக் கதிரைகளும் அதுதான் கொடுக்கும். தலைவர் சம்மாட்டியார். அக்கா ஆளனுப்பிக் கேட்டார். "ஊரில பிறந்த ஆக்களுக்குத்தான் சங்கம்" என்று பதில் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் மணலிலும் மீன்பெட்டிகளிலும் குந்தியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்துசேர்ந்த அக்காவின் வயதான தகப்பனார், மருமகனின் பிரேதத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். "எங்கப்பாவுக்கு ஒரு கதிர கெடைக்கல" என்று அக்கா எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் ஊரார் வீட்டுச் சாவு என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். எதற்கு? தண்ணீர் அள்ள, விறகு கொத்த. வேலை முடிந்தால் வேலியோரம் நிற்க வேண்டியதுதான். "இருங்கோ" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

கணவரின் திவசம் முடிந்த கையோடு அக்கா என் கடைக்கு வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, நாமளே ஒரு சங்கம் வப்போம். வந்தவங்க எல்லாருக்கும். காச நீங்க பாத்துக்குங்க."

"என்னை நம்புறீங்களா?"

"கடக்கார நானாமாரு நிறுவையில ஏமாத்துவாங்கன்னு எங்க தோட்டத்துல சொல்லுவாங்க. நீங்க எப்ப ஏமாத்துவீங்கன்னு நானும் வந்த நாள்ல இருந்து பாத்துகிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஆப்புடல."

முகத்தில் சிரிப்பே இல்லை. நானும் விடவில்லை. "தோட்டத்துப் பொம்பளையள் வாய் திறக்க மாட்டாங்க எண்டு எங்கட பக்கம் சொல்லுவாங்க, அதுவும் பொய்யாப் போச்சு" என்றேன். அப்போதுதான் சிரித்தார். அன்று தொடங்கியது எங்கள் சங்கம்.

தோட்டத்து ஆட்கள், எங்கள் அகதி முகாம் ஆட்கள், இறால் பண்ணை வேலைக்கு வந்த சிங்களக் குடும்பங்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீலக் கதிரைகள் வாங்கினோம். ஊரில் சிரியோ சிரி. "வந்தான் வரத்தான் சங்கம்" என்று பட்டம் வைத்தார்கள். எனக்குக் கொதித்தது. அக்கா ஒரு பெயின்ற் வாளியோடு வந்து, ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் "வரத்தார் சங்கம்" என்று எழுதச் சொன்னார். "ஆமா, வந்தவங்கதான். எழுதுங்க நானா, நல்லா பெருசா எழுதுங்க!" எழுதினேன்.

சில வருடங்கள் கழித்துச் சம்மாட்டியாரின் தாயார் இறந்தார். மழைக்காலம். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். முதல்நாள் அடித்த காற்றில் ஊர்ச் சங்கத்தின் கொட்டில் சரிந்து, கூடாரம் கிழிந்து, கதிரைகளில் பாதி நொறுங்கியிருந்தன. சம்மாட்டியார் தாமே அக்காவின் வாசலுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பழனியம்மா, உங்கட கூடாரமும் கதிரையளும் வேணும். வாடகை என்னெண்டு சொல்லு."

"வாடகை வேணாங்க ஐயா. ஆனா கதிர தனியா வராது. எங்க ஆளுங்களும் வருவாங்க. வேலைக்கு இல்ல, துக்கத்துக்கு. வந்தா கதிரையில இருப்பாங்க."

கூட வந்திருந்த மச்சான்காரர் துள்ளினார். "தோட்டக்காட்டாரும் அகதியளும் எங்கட சம்பந்திமாருக்குச் சமமா இருக்கிறதோ? நனைஞ்சாலும் பரவாயில்ல, வாங்கோ அத்தான்!"

சம்மாட்டியார் அசையவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஐயா, எங்கப்பா அன்னைக்கு வெயில்ல நின்னாரு. உங்க சொந்தக்காரங்க மழையில நிக்க வேணாம்."

சம்மாட்டியார் மழை வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "கொண்டுவா" என்றார். இரண்டடி போனவர் திரும்பி, "எல்லாரும் வாங்கோ" என்றார்.

அவர்கள் போனதும் அக்கா படியில் குந்திவிட்டார். "சரின்னு சும்மா குடுத்துருவேனோன்னு பயந்தே போயிட்டேன் நானா."

அந்தச் செத்த வீட்டை நான் மறக்க மாட்டேன். எங்கள் ஆட்கள் கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள், யாராவது அதட்டினால் எழும்பிவிடத் தயாராக. முன்வரிசையில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். "நல்லா சாஞ்சு இருங்க. கதிர நம்மளுது." சாவு வீடென்றும் பாராமல் எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. பிறகு அக்கா அந்த மூதாட்டிக்காக ஒப்பாரி வைத்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த சிலாபத்துச் சம்பந்தியம்மா அக்காவின் தோளிலேயே சாய்ந்து அழுதார். யார் தோள் என்று அவர் கேட்கவில்லை.

அந்த மழை விட்டதும் ஊர்ச் சங்கத்தின் விதி மாறியது. "ஊரில் பிறந்தவர்" என்பதை எடுத்து "ஊரில் இருப்பவர்" என்று போட்டார்கள். மச்சான்காரர் கோபித்துக்கொண்டு விலகினார். விலகட்டும்! எங்களையும் வந்து சேரச் சொன்னார்கள். "சேர்றதுக்கு என்னாங்க அவசரம்?" என்றார் அக்கா. "உங்க வீட்டுக்கு எங்க கதிர வரும், எங்க வீட்டுக்கு உங்க கதிர வரட்டும்." அதன் பிறகு எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வீட்டுக்கு வெள்ளைக் கதிரைகள் வந்தன. முன்பு மறுக்கப்பட்ட அந்த முற்றத்துக்கு மட்டும் வர வேண்டிய தேவை இத்தனை காலமும் ஏற்படவில்லை.

நேற்று வந்தன. நான் போனபோது வெள்ளையும் நீலமும் கலந்து முற்றம் நிறைய கதிரைகள், கதிரை நிறைய மனிதர்கள். சம்மாட்டியாரை மட்டும் காணவில்லை. தேடினால், வேலியோரம் வெயிலில் நிற்கிறார். கனநேரம் நிற்க முடியாத முழங்கால் வருத்தக்காரர். நான் ஒரு நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வேண்டாம் தம்பி" என்றார். "அவட அப்பா அண்டைக்கு நிண்டவர். பிரேதம் எடுக்குமட்டும் நான் நிக்கிறன்."

நின்றார். பாடையைத் தூக்கும்போது முன்னால் வந்து தோளும் கொடுத்தார்.

நீங்கள் வென்றுவிட்டீர்கள் அக்கா. போய் வாருங்கள். போகிற இடத்தில் யாரும் ஓரமாக நிற்கச் சொன்னால் நின்றுவிடாதீர்கள். நன்றாகச் சாய்ந்து இருங்கள்.