மூடியைப் போட்டதும் வந்த குரல்

இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பு, எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பு வீட்டில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

என் கணவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்வந்தவர். கரைக்கு வந்தால் தெருமுனையிலிருந்தே "இன்னாம்மே" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவார். ஒருமுறை படகு கவிழ்ந்ததில் மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் தாலியை எப்படிக் கழற்றுவது? நான் கழற்றவில்லை. அவர் தம்பி, மாமியார், நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அந்தத் தம்பி நிமோனியா வந்து வெகுநாள் வென்டிலேட்டரில் கிடந்தான். பிழைத்துவிட்டான். ஆனால் உள்ளே வைத்த குழாய் உரசி, மூச்சுக்குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. ஒரு வருடத்துக்கு மேல் பேச்சே கிடையாது.

பிறகு ஆஸ்பத்திரியில் அவன் விலா எலும்போரம் இருந்த குருத்தெலும்பை எடுத்து வைத்து மூச்சுக்குழாயை அகலப்படுத்தினார்கள். ஆறும்வரை மறுபடி சுருங்காமலிருக்க, ஆங்கில ‘T’ எழுத்து வடிவத்தில் ஒரு சிலிக்கான் குழாயை உள்ளே வைத்தார்கள். அதன் ஒரு கிளை மட்டும் கழுத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு குட்டி மூடி. மூடினால் மூச்சு மூக்கு வழியாகப் போகும், பேசவும் வரும். திறந்தே விட்டால் சளி காய்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

நர்ஸ் முதல் தடவை மூடியைப் பொருத்தியதும் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"அண்ணி, தண்ணி குடு."

தண்ணீர் பாட்டில் என் கையிலிருந்து நழுவியது. அவனுடையது கீச்சுக் குரல், நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது வந்தது என் கணவரின் குரல். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அதே குரல். என் புருஷன் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறார்!

பிரமை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடி அவன் "எம்மா" என்றதும், உள்ளே படுத்திருந்த மாமியார் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "பெரியவன் வந்துட்டானா?"

பக்கத்து வீட்டுக்காரி வேறு, "கடலுக்குப் போனவன், தம்பி தொண்டைல வந்து குந்திகினு கீறான்" என்று கிளப்பிவிட்டாள். அவனோடு தனியாக இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம், இன்னும் ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

சில நாளில் அவன் மூடியைக் கழற்றிவிட்டான். திட்டினேன், கெஞ்சினேன். மூச்சு முட்டுகிறது என்று சைகை காட்டிச் சமாளித்தான். அதன்பிறகு வீட்டில் பேச்சில்லை. அந்தக் குழாய்க்குள் மூச்சு போய்வரும் விசில் சத்தம் மட்டும் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த விசில் மெலிந்து, இன்னும் மெலிந்து, நின்றுவிட்டது. ஓடிப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்து, கண் மேலே செருகிக் கிடக்கிறான். குழாயில் சலைன் உப்புநீரைச் சொட்டவிட்டு, சளியை உறிஞ்ச ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சக்‌ஷன் மிஷினின் மெல்லிய குழாயை உள்ளே இறக்கினேன். கொஞ்சம் போக்குக் காட்டிவிட்டு, காய்ந்த பிசின் மாதிரி ஒரு கட்டி வந்தது. பின்னாலேயே மூச்சும் வந்தது.

"செத்துக்கித்துப் போயிருந்தா இன்னாடா பண்ணுவேன்? ஏன்டா மூடியக் கயட்டுனே?" என்று அழுதேன்.

அவன் குழாய் வாயை விரலால் பொத்திக்கொண்டான். "நா பேசுனாலே நீ வாசலத்தான் பாக்கறே அண்ணி. அத்த என்னால தாங்க முடில."

அதையும் என் கணவரின் குரலில்தான் சொன்னான்.

மூடியைக் கழுவி நானே அழுத்திப் பொருத்தினேன். "நா வாசலப் பாத்தா பாத்துகினு போறேன். நீ பேசுடா" என்றேன். அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அந்தக் குழாயை எடுத்து நாளாகிவிட்டது. கழுத்தில் தழும்பு இருக்கிறது, குரலும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. சாயங்காலம் "அண்ணி, பசிக்குது" என்று அந்தக் குரல் கேட்டால் இன்றும் என் கண் முதலில் வாசலுக்குத்தான் போகிறது. பிறகு திரும்பி, உயிரோடு வந்து உட்கார்ந்திருப்பவனுக்குச் சோறு போடுகிறேன்.