சட்டியில் ஏறிவந்த மண்

பொர்துனாத்தா லிமாச்சியின் பிடிவாதம் அம்மா வழியில் வந்தது. அவள் அம்மாவும் சரி, சித்தி கிரிசோஸ்தமாவும் சரி, வராதே என்று சொன்ன வாசலில்தான் போய் நிற்பார்கள்.

எல் ஆல்தோ நகரத்தில் திருவிழா ஆட்டக்காரர்களைப் படம் எடுப்பது அவள் பிழைப்பு. புருஷன் போன பிறகு தெருச்சுவரோரம் நிற்கவைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். காற்று இறகுகளைக் கலைக்கும். நாய் குறுக்கே ஓடும். பிறகுதான் செவேரோ கிஸ்பெர்த்தின் ஸ்டுடியோவை நாள் வாடகைக்குப் பிடித்தாள். மாடியில் பெரிய அறை. சுவரும் தரையும் மூலையே இல்லாமல் வளைந்து சேர்ந்து ஒரே வெள்ளையாக இருக்கும். அங்கே எடுத்த முதல் படத்தைப் பார்த்தபின் எவரும் தெருச்சுவருக்கு வரச் சம்மதிக்கவில்லை.

ஆனால் அந்த முதல் நாளே வினையும் வந்தது. பூமித்தாய்க்குப் பீர் ஊற்றாமல் நம் ஆட்கள் எதைத் தொடங்குவார்கள்? படம் எடுத்துக்கொள்ள வந்த அவள் அக்காள் புருஷன் தரையில் ஊற்றினார். அக்காள் எல்லார் தலையிலும் வண்ணக் காகிதப்பொடி தூவினாள். ஈரத்தில் சாயம் இறங்கி, வெள்ளைத் தரை அம்மை போட்ட முகமாகிவிட்டது. தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் உரிந்தது. பொர்துனாத்தாவே மண்டியிட்டு வெள்ளையடித்துக் கொடுத்தாள்.

“திருவிழாக்காரங்களுக்கு இனிமே இடமில்ல,” என்றார் செவேரோ.

அவள் போய்ப் போய் நின்றாள். மனிதர் சலித்துப்போனார்.

“ஒரே ஒரு தடவ. ஒரு கறை பாத்தேன், அப்புறம் இந்தப் படியே ஏறாத.”

அந்த ஒரு தடவைக்கு வந்தவர் இலாரியோன் அபாசா. அந்த வருஷத் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர். அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் அவருக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு அவர் கொம்பாத்ரே.

பொர்துனாத்தா விடியலிலேயே போய், தரையில் ஏற்கெனவே இருந்த கீறல்களைச் செவேரோவை அருகில் வைத்துக்கொண்டு படம் எடுத்தாள். விளக்குக் கால்கள்மேல் மணல்பை வைத்தாள். ஒயர்களைத் தரையோடு ஒட்டினாள். ஆட்டக்காரர்கள் வந்ததும் வாசலிலேயே மறித்து, பழைய கம்பளியில் தைத்த உறைகளை அவர்கள் பூட்ஸுக்கு மாட்டினாள்.

“என்ன கொமாத்ரே, படம் புடிக்கவா, ஆஸ்பத்திரியில சேக்கவா?” என்றார் இலாரியோன்.

“கால நீட்டுங்க கொம்பாத்ரே. பேச்ச அப்புறம் நீட்டலாம்.”

உள்ளே வந்ததும் அவர் கோட்டுக்குள்ளிருந்து பீர் பாட்டில் வெளியே வந்தது. அவள் குறுக்கே நின்றாள்.

“தரையில வேணாம்.”

“ஊத்தாம படமா? திருவிழா விளங்குமா? அப்ப நாங்க கெளம்பறோம்.”

“ஊத்தாம நானும் கேமராவத் தொடமாட்டேன்.”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய சட்டியை இழுத்துவந்தாள். விளிம்புவரை மண். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.

இலாரியோன் சிரித்தார். “சட்டியில கெடக்கறது பூமியா? நாளைக்குப் பூனை வந்து உக்காரும்.”

“இது என் வீட்டு மண்ணு. அஸ்திவாரம் தோண்டினப்ப நீங்கதான பீர் ஊத்தினீங்க? அதே எடத்துல வெட்டி, நானே சுமந்து வந்தேன். அன்னிக்கு நீங்க ஊத்தினப்ப பூமி, இன்னிக்கு இல்லியா?”

இலாரியோனின் மனைவி பெனிஞ்ஞா அவர் விலாவில் குத்தினாள்.

“நல்லா கேட்டா. குனிஞ்சு ஊத்து மனுஷா, கை நடுங்காம!”

அவர் குனிந்து ஊற்றினார். நுரை மண்ணில் இறங்கியது. பாட்டில் வாயில் நின்ற துளி விழப்போனபோது பொர்துனாத்தா தன் பாவாடை விளிம்பை நீட்டிப் பிடித்தாள். பெனிஞ்ஞாவின் பையிலிருந்த காகிதப்பொடியைப் படம் முடிந்து தெருவில் இறங்கும்வரை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தபின் செவேரோ வந்தார். காலையில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே சுவர்வரை போனார். புதிதாக ஒன்றும் இல்லை. சட்டியருகே வந்து நின்றார்.

“இந்த எடத்தத் தொறந்ததுலேந்து பெயிண்டுக்குப் பயந்து நான் ஒரு சொட்டு ஊத்தினதில்ல,” என்றார் மெதுவாக. “பாட்டில்ல மிச்சம் இருக்கா?”

இருந்தது. ஊற்றிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பொர்துனாத்தா சட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

“அத ஏன் தூக்கற? அந்த மூலையில வையி. அடுத்த தடவயும் சுமப்பியா?”