பின்சீட்டுக்கு ஆள் இருக்கு

பாளையம்பட்டியில் கடை வைத்திருந்த அந்த மெக்கானிக்கின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சிரித்துப் பார்த்ததில்லை. எழுபதுகளில், திருச்சுழிப் பக்கம் நான் உரம் விற்கப் போய்வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒருநாள் மக்கர் பண்ணியது. முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி மேடேறவில்லை.

அவர் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டுப் பார்த்தார். அணைந்திருக்க வேண்டிய இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“பிளேட்டு தேஞ்சுபோச்சு சார்.”

புதுப் பிளேட்டுகளை மாட்டி முடிக்க உச்சிவெயிலாகிவிட்டது. இரண்டு பேர் பாரத்தோடு மேடேறினால்தான் கிளட்ச் பிடிக்கிறதா என்று தெரியும். நான் பின்னால் ஏறப் போனேன்.

“வேணாம் சார், ஆளு இருக்கு.”

அங்கே யாருமில்லை. அவர் பின்சீட்டைத் துணியால் துடைத்தார், கொஞ்சம் காத்திருந்தார், பிறகு கண்மாய்க்கரை வரை ஓட்டிப்போய் வந்தார். வந்ததும் டவுன் பஸ் டிரைவர் ஒருவர் அவசரமாகக் கூப்பிட, வண்டியை என் கையில் விட்டுவிட்டு ஓடினார். நான் கிளம்பிவிட்டேன்.

கிளட்ச் நன்றாகவே பிடித்தது. ஆனாலும் வண்டி ஏனோ கனத்தது. ஊரைத் தாண்டுவதற்குள் பின்னால் கத்தல் கேட்டது.

“நிப்பாட்டுங்க சார்!”

கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடி வந்தவர், என்னைப் பார்க்கவே இல்லை. பின்சீட்டிடம் சொன்னார்:

“எறங்குத்தா. சாரு தூரமாப் போறாக. நாம வீட்டுக்குப் போவோம்.”

பின் ஸ்பிரிங் லேசாக முனகி மேலே எழுந்தது. உடனே திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பார்த்தபோது, ஒரு கையைத் தாழ்த்தி நீட்டியபடி, சின்னச் சின்ன எட்டாக எடுத்து வைத்து அவர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். புளியமர நிழல் விழுந்த ஓரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, தான் வெயிலில் நடந்தார்.