மேல் தொட்டி நிறைந்தது

பூதங்களை மோதவிடும் அந்த போன் கேமில், நீர்க்கோயிலின் புதிரில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருந்தேன். மேல் தொட்டி நிறைந்தால்தான் அந்தக் கோயிலின் தலைமைப் பூதமான நீரரசனிடம் போகும் கதவு திறக்கும். எல்லா மதகுகளையும் திறந்துவிட்டும் நிறையவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கீழ உள்ளத மூடுங்க. அப்பத்தான் மேல ஏறும்."

"ஒனக்கு கேம் பத்தி என்ன தெரியும்?"

"கீழ் வீட்டு அக்கா பைப்ப மூடினாத்தானே நம்ம மாடிக்கு தண்ணி வருது. தெனம் எறங்கிப் போய் சொல்றது நான்தானே."

கண்டி மலைச்சரிவில் ஆறு வருடமாக அந்த மாடியில் குடியிருக்கிறேன். நிறைந்த வாளியை மட்டுமே பார்த்தவன் நான்.

கீழ் மதகை மூடினேன். தொட்டி நிறைந்தது, கதவு திறந்தது. என் மின்னல் பூதம் மூன்றே அடியில் நீரரசனைச் சாய்த்தது. நாங்கள் கத்திய கத்தலில் அக்கா வெளியே வந்து பார்த்தார்.

வெற்றிப் பதக்கத்தில் போட ஒரு பெயரைக் கேட்டது கேம். அவள் பெயரைத் தட்டினேன். மறுநாள் காலை பைப்பை மூடும்படி அக்காவிடம் சொல்ல நான் இறங்கினேன்.