கொலுசோடு எடுத்த எடை

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சிக் கோட்டைக்குப் பின்பக்கம், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் எனக்குப் பால்வாடி வேலை கிடைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்று பெற்ற அம்மாவே சொல்வாள். டவுனிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். அந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான் என்பதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

மாதத்தில் ஒரு நாள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கெல்லாம் எடை பார்க்க வேண்டும். உத்தரத்தில் தராசு தொங்கும். சுவர்க் கடிகாரம் மாதிரி வட்ட முகம், அதில் ஒரு முள், கீழே கொக்கி, கொக்கியில் ஒரு துணித் தொட்டில். குழந்தையை உட்கார வைத்தால் முள் சுற்றிவந்து நிற்கும். அந்த எடையை அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். அட்டையில் வயதுக்கு ஏற்ற மாதிரி ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும். புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தக் குழந்தையின் பெயரைச் சத்துமாவுக்கு எழுதலாம். மேலே நின்றால் எழுத முடியாது. மாவு அளந்துதான் வரும். கண்டபடி பெயர் சேர்த்தால் மேற்பார்வைக்கு வரும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இருக்காது. அதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டி, "இப்படி இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சியின்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள். எடை பார்க்கும்போது குழந்தையின் மேல் துணி, நகை ஒன்றும் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது மாதமே ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். "பச்சப் புள்ளைய வெறும் இடுப்போட தொங்கவுடச் சொல்றியா? உனுக்கு ஒரு புள்ள இருந்தா தெரியும்" என்று அந்த மாமியார் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரைஞாணை அவிழ்ப்பது ஆகாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு சட்டையை மட்டும் கழற்றச் சொல்வேன். மீதியைக் கண்டுகொள்வதில்லை.

மாசி மாதத்து எடை நாளில் அவள் வந்தாள். அதற்கு முன் மையத்துக்கு வந்தவள் இல்லை. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். இவள் காடு கொல்லையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தை. தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் மை வைத்து, சலவை மடிப்புக் கலையாத கவுன் போட்டுவிட்டிருந்தாள். காலில் வெள்ளிக் கொலுசு, இடுப்பில் ஒரு கண்ணி விட்ட இடத்தில் சிவப்பு நூல் சுற்றிய வெள்ளி அரைஞாண், இரண்டு கையிலும் காப்பு.

"டீச்சரம்மா, எம் புள்ள பேரையும் மாவுக்கு எழுதிக்கோங்க. கஞ்சி குடுத்தா துப்பிடுது. வயித்துல ஒண்ணும் தங்கல" என்றாள்.

கவுனைக் கழற்றித் தொட்டிலில் வைத்தேன். குழந்தை அழவில்லை. அழாத குழந்தை என்றால் வேலை சுலபம் என்று அப்போது சந்தோஷப்படுவேன். முள் ஏழரைக் கிலோவைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது. அந்த வயதுக்குக் கோடு சரியாக ஏழரையில் போகும். ஆக, கோட்டுக்கு மேலே.

இன்னொன்றையும் நான் பார்த்தேன். கொலுசு கணுக்காலில் நிற்காமல் பாதத்தில் வழிந்து கிடந்தது. வளர்ந்த பிறகும் போடலாம் என்று பெரிதாக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியலில் இடமில்லை என்று நான் சொன்ன பிறகும் அவள் நகரவில்லை. "ஒரு தடவ பாத்து எழுதுங்க டீச்சரம்மா" என்றாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கால்ல கொலுசு, கையில காப்பு, இடுப்புல வெள்ளி. இதெல்லாம் பூட்டிக்கினு சர்க்கார் மாவுக்கு வந்து நின்னா, இல்லாதவங்க எங்கம்மா போவாங்க?" என்று கேட்டேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என்னவோ பெரிய நியாயத்தைப் பேசிவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "சரிங்க டீச்சரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொலுசுச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. நான் அட்டையில் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலை பிடுங்குகிற நேரம், அந்தக் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். முஸ்லிம் குடும்பம், புருஷனுக்கு பஜாரில் தகரப்பெட்டி செய்யும் வேலை. கலகலவென்று பேசுவாள். அவள் பையன் கொழுகொழுவென்று இருப்பான். அவனைத் தொட்டிலில் வைக்கும்போது அவன் இடுப்பு அரைஞாண் என் கண்ணில் பட்டது. ஒரு கண்ணி விட்டுப்போய் அந்த இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அந்த நூலை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே பார்த்தேன் என்று நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "இன்னா டீச்சர் அப்பிடிப் பாக்குறீங்க? போன மாசம் எங்க பக்கத்து வூட்டுப் புள்ள போட்டுனு வந்துச்சே, அதேதான். நான்தான் மாட்டி அனுப்புனேன். கவர்மெண்டு எடம், நாலு பேரு வர்ற எடம், புள்ளைய வெறுங்காலோட தூக்கினு போவாதடின்னு."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். எல்லாவற்றையும் கழற்றித் தரச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தாள். கொலுசு, காப்பு, அரைஞாண் மூன்றையும் காலித் தொட்டிலில் போட்டேன். முள் கால் கிலோவில் போய் நின்றது. ஏழரையில் கால் போனால் ஏழே கால். கோட்டுக்கு நன்றாகக் கீழே. மாசி மாதமே மாவு கிடைத்திருக்க வேண்டிய குழந்தை.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லதுன்னுதானே போட்டு வுட்டேன் டீச்சர்" என்றாள்.

வரிசையில் இருந்தவர்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு வார மாவைப் பையில் கட்டிக்கொண்டு அவளுடனே கிளம்பினேன். அந்தக் குழந்தையின் குடிசை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. குழந்தைக்கு அம்மை கண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மல்லாட்டைக்குப் போகாமல் அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். வாசலுக்கு வந்தவள், "உள்ள வராதீங்க டீச்சரம்மா, ஆத்தா வந்திருக்கா" என்றாள். உள்ளே இருட்டில் பாயின் மேல் குழந்தையின் கால் மட்டும் தெரிந்தது. கொலுசில்லாமல் அந்தக் கால் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். தண்ணி ஊத்தின பொறவு பார்க்கலாம் என்றாள். நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும். மாசி மாதத்தில் அவ்வளவு பேசிய வாய் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அம்மை கண்ட வீட்டுக்குள் போக எனக்கும் பயமாக இருந்தது. மாவுப் பையை வாசலில் வைத்து, எப்படிக் கிளறிக் கொடுப்பது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அம்மை இறங்கியது. ஆனால் அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உடம்பில் கொஞ்சமாவது தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். பக்கத்து வீட்டுக்காரிதான் மையத்துக்கு வந்து சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பையன் காலில் கொலுசைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

மேற்பார்வை அம்மாவிடம் நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தது. "அம்மையில போன குழந்தைக்கு நீ என்ன பண்ணுவே? ரெக்கார்டு சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். அந்த மாவு கிடைத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிழைத்திருக்காது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து தராசுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தேன். நகையெல்லாம் கழற்றி அதில் வைக்க வேண்டும். கழற்ற மனசில்லாதவர்களிடம் சண்டை போடவில்லை. அதே மாதிரி நகை ஒன்றைத் தனியாக நிறுத்துப் பார்த்து, அந்த எடையைக் கழித்துக்கொண்டேன். அரை நிமிட வேலை. பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அவள் திரும்ப வந்தாள். புருஷன் ஊர் திரும்பியிருந்தான். இவளுக்கு நாலாம் மாதம். கர்ப்பிணிகளுக்கான மாவுக்குப் பெயர் எழுத வந்திருந்தாள். நான் பதிவேட்டைப் பிரித்தேன். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம் என்று வரிசையாகக் கட்டங்கள். அடுத்த கட்டம், உயிரோடு உள்ள குழந்தைகள். கேட்காமலே எழுதியிருக்கலாம். பழக்க தோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ஒண்ணும் இல்லீங்க டீச்சரம்மா" என்றாள்.

பூஜ்யம் போட்டேன். அது கோணலாக விழுந்தது. நான் தலை நிமிரவில்லை. நான் ஏதோ கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தணிந்த குரலில் சொன்னாள்.

"இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் போட்டு இட்டாரமாட்டேன் டீச்சரம்மா. வெறும் ஒடம்போட தூக்கினு வரேன். அப்ப எழுதிக்குவீங்க இல்ல?"

குத்திக்காட்டவில்லை. சத்தியமாக இல்லை. வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை, இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லுமே, அப்படித்தான் சொன்னாள். தப்பு அவளுடையது என்றே நம்பியிருந்தாள். கழற்றச் சொல்லாதது என் தப்பு, நாலு பேர் முன்னால் உன் வாயை அடைத்தது என் தப்பு என்று அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். "எழுதிக்குவேன்மா" என்று மட்டும் சொன்னேன். மாவை அளந்து பையில் போட்டேன்.

அடுத்த வருடம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சொன்னபடியே ஒட்டுத் துணி இல்லாமல், இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லாமல், வரிசையில் எல்லாருக்கும் முன்னால் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவன் பெயரை எழுதினேன். பிழைத்துக்கொண்டான். அதன்பின் எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். எத்தனையோ குழந்தைகளை நிறுத்து, எத்தனையோ பதிவேடுகள் எழுதி, ஓய்வும் பெற்றாயிற்று. அந்தக் குழந்தையை நினைத்து அழுது தீர்த்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். தீராதது ஒன்றுதான்: என் தப்பைத் தன் தப்பென்று சுமந்துகொண்டு அவள் இன்றும் அந்த மலையடிவாரத்தில் எங்கோ இருப்பாள், அவளிடம் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையை நான் சொல்லாமலே வந்துவிட்டேன்.