அண்ணன் கடைந்து கொடுத்த வளையம்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. முன்பெல்லாம் ஃபிலிமை இருட்டறையில் கழுவிக் காயவைத்துத்தான் எலும்பைப் பார்ப்போம். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த அறையில் பழைய கட்டில்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கை பழகிய வேலையை விட மனமில்லாமல் பழைய கேமராக்கள் வாங்க ஆரம்பித்தேன். கறுப்பு வெள்ளை ரோல் மாதம் ஒன்று எடுப்பேன். குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி நானே கழுவுவேன். அந்த நேரத்தில் யாருக்காவது குளிக்க வேண்டியிருந்தால் வீட்டில் சண்டை வரும்.

ரமணாசிரமம் பகுதியில் அறைகள் வாடகைக்கு விடும் ஒருவர், கால் முறிந்து எங்களிடம் வந்தவர், கட்டுப் பிரித்த பிறகு ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே ஒரு பழைய ஃபிலிம் கேமரா.

"ஒரு வெள்ளக்காரம்மா வுட்டுட்டுப் போனது. மெயில் போட்டேன், நீங்களே வெச்சிக்கோங்கன்னு எழுதிட்டாங்க. எனக்கு இது எதுக்கு? நீங்கதான் இதெல்லாம் வெச்சிகினு இருக்கீங்களே."

கேமரா செத்துப்போயிருந்தது. பற்சக்கரங்களில் துரு. லென்ஸுக்குள் இருந்த ஷட்டர் இதழ்களும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. ஆனால் கண்ணாடி மட்டும் சுத்தமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. இதழ்களைக் கழற்றி எடுத்துவிட்டு, லென்ஸை என் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம் என்று நினைத்தேன். மற்ற பழைய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் விலைக்குக் கிடைக்கும். இது கேமரா உடம்போடு சேர்த்தே செய்த லென்ஸ் என்பதால் எங்கும் கிடைக்காது. அலுமினியத்தில் புதிதாகக் கடைய வேண்டும். வளையத்தின் நீளம் மயிரிழை கூடினாலும் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கிவிடும்.

இரண்டு லேத் பட்டறைகளில் கேட்டேன். இரண்டாவது ஆள் நான் அளவுகளை வரைந்திருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நமக்கு போர் மோட்டார் ஷாஃப்ட்டு, டிராக்டர் சாமான், அவ்ளோதாங்க. இந்தப் பொடி வேல உங்க அண்ணன்தான் செய்வாரு. அங்க போங்களேன்."

அவர் சொன்னது என் பெரியப்பா மகனை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு வந்து, கோர்ட் வரை போனது. அப்பா இறந்தபோதும் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா அதைத்தான் மனதில் வைத்திருந்தாள். கிணற்றைப் பற்றி அவள் பேசியதே இல்லை. ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அண்ணன் லேத்தை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். சின்ன வயதில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன்; அன்றைக்கு என் வாயில் "வாங்க, போங்க" என்றுதான் வந்தது. தாளைக் காட்டினேன். அவர் அளவுகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த நீளம் யாரு அளந்தது?"

"நான்தான்."

"வியாழக்கெழம வா."

வியாழக்கிழமை வாங்கிவந்து மாட்டினேன். மொட்டைமாடியில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள எழுத்தெல்லாம் கத்தி மாதிரி தெரிந்தது. தூரத்து மலை பஞ்சுபோல மங்கலாக இருந்தது. போய்ச் சொன்னேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வேலையில தப்பு வராது. உன் அளவு தப்பு. நானே வந்து பாக்கறேன்."

அவர் பட்டறையிலிருந்து மலை தெரியாது. முன்னால் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கே வந்தார். கையில் அளவு பார்க்கும் வெர்னியர், ஒரு கண்ணாடித் துண்டு, எமரி பேப்பர். மாடிக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவர் வருவதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.

"சித்தி" என்றார்.

அம்மா தலையைத் தூக்காமல், "ரெண்டாவது படி ஒடஞ்சிருக்குது. பாத்து ஏறு" என்றாள்.

மாடியில் உட்கார்ந்து, கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து, வளையத்தை வட்டவட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் தேய்ப்பார், வெர்னியரில் பிடித்துப் பார்ப்பார், நான் கழுவி மாட்டி மலையைப் பார்ப்பேன். "இன்னும்" என்பேன். மறுபடி கழற்றுவோம்.

"ஜாஸ்தி எடுத்துட்டா அப்புறம் ஒட்ட வெக்க முடியாது. அவசரப்படாத" என்றார்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தேய்த்துக்கொண்டே, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சித்தப்பா செத்தன்னிக்கு நான் வந்தேன்."

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தெருமொன வரைக்கும் வந்தேன். மாலையோட. நீ பந்தல் கிட்ட நின்னுகினு இருந்த. என்னப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கின. சரி, வேணான்னு நெனைக்கிறாங்கன்னு போயிட்டேன்."

அது உண்மை. நான் பார்த்தேன். திரும்பிக்கொண்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் வரவில்லை என்று அம்மா சொன்னபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருடம் அது கனமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"ஆமாண்ணா. பாத்தேன்" என்றேன்.

அவர் வளையத்தைத் துணியில் துடைத்து நீட்டினார். "மாட்டிப் பாரு."

மாட்டினேன். உச்சியில் கார்த்திகை தீபத்தின் நெய் படிந்து கறுத்த பாறை, அதன் கீழே ஒற்றை மரம், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அவரிடம் கேமராவைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "தெரியுது" என்று மட்டும் சொன்னார். கீழே அம்மா சாப்பாடு ஆகிவிட்டது என்று குரல் கொடுத்தாள். பட்டறையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி, சாப்பிடாமல் போய்விட்டார்.

அண்ணன் மாலையோடு வந்ததையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தனியாவா வந்தான்?"

"தனியாத்தான்."

"மாலைய இன்னா பண்ணானாம்?"

"கேக்கலம்மா."

"கேளு."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பட்டறையில் இறங்கிக் கேட்டேன். அண்ணன் லேத்தை நிறுத்தினார்.

"சுடுகாட்டாண்ட புளியமரத்துக்கு அந்தப் பக்கமா நின்னுகினு இருந்தேன். நீங்கல்லாம் திரும்பினப்புறம் போய்ப் போட்டுட்டு வந்தேன்."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்றாள். அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவின் திதி அடுத்த மாதம் வந்தது. அம்மாவே அண்ணனுக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார், இலையில் உட்கார்ந்தார். அம்மா வடை வைத்துக்கொண்டே இருந்தாள். "போதும் சித்தி, போதும்" என்று அவர் கையால் மறைத்ததையும் மீறி வைத்தாள்.

கை கழுவும்போது, கிணற்றைப் பற்றியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டேன்.

"அது வேற பேச்சுடா. அதுக்கு எங்கப்பாவும் இருக்கணும்" என்றார்.

உட்கார்ந்து பேசப் பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கேஸ் நடக்கிறது. வாய்தா நாளில் நானும் அண்ணனும் ஒரே வண்டியில் கோர்ட்டுக்குப் போய்வருகிறோம்.